படுக்கையிலிருந்து தெரிவது: ஒரு மருத்துவமனை ஜன்னலும் 46 நோயாளிகளும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 200 படுக்கைகள் கொண்ட ஒரு புறநகர் மருத்துவமனை இருந்தது. அதன் மூன்று தளக் கட்டடப் பகுதி ஒன்றில், ஒரே பக்கத்தில் வரிசையாக அமைந்த அறைகளுக்கு இருவேறு காட்சிகள் வாய்த்திருந்தன. சில அறைகளின் ஜன்னலுக்கு வெளியே இலையுதிர் மரங்கள் சில கூட்டமாக நின்றன. மற்ற அறைகளின் ஜன்னலுக்கு வெளியே பழுப்பு நிறச் செங்கல் சுவர் ஒன்று எழுந்து நின்றது. எந்த நோயாளிக்கு எந்த அறை என்பதைக் காலியான படுக்கைதான் தீர்மானித்தது. நோயின் கடுமையோ, பணவசதியோ, நோயாளியின் விருப்பமோ அதைத் தீர்மானிக்கவில்லை. அப்போது டெலவேர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரோஜர் உல்ரிக் இந்தத் தற்செயலான அமைப்பில் ஓர் ஆய்வுக்கான வாய்ப்பைக் கண்டார். அதன் முடிவுகள் 1984 ஏப்ரலில் ‘சயன்ஸ்’ இதழில் இரண்டே பக்கங்களில் வெளிவந்தன. சுற்றுப்புறம், கலை, உடல்நலம் ஆகியவற்றை இணைத்துப் பேசும் எழுத்துகளில் பெரும்பாலானவை இன்றும் அந்த இரண்டு பக்கங்களைத் தொட்டே தொடங்குகின்றன.

அந்த ஆய்வு எதைக் காட்டியது, எதைக் காட்டவில்லை, அதற்குப் பின் வந்த ஆய்வுகளோடு சேர்த்துப் பார்க்கும்போது அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்பவற்றை இங்கே விரிவாகப் பார்க்கிறேன். ‘மரத்தைப் பார்த்தால் நோய் குணமாகும்’ என்று அந்த ஆய்வைச் சுருக்கிச் சொல்லும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அந்தச் சுருக்கம் ஆய்வுக்கு நியாயம் செய்வதில்லை என்பது என் உறுதியான கருத்து. உல்ரிக்கின் ஆய்வில் இதைவிட நுட்பமான, இதைவிடப் பயன்மிக்க ஒரு செய்தி இருக்கிறது: விலகிச் செல்ல இயலாத ஒருவரின் கண்ணுக்கு முன்னால் நாம் எதை வைக்கிறோமோ அதுவும் அவருக்குத் தரப்படும் சிகிச்சையின் ஒரு பகுதியாகிவிடுகிறது. அவரது கண் எந்த உயரத்தில், எந்தத் திசையில் இருக்கிறது என்பதிலிருந்துதான் அந்தக் கணக்கைத் தொடங்க வேண்டும்.

ஆய்வு அமைக்கப்பட்ட விதம்

உல்ரிக் புவியியல் பின்னணியிலிருந்து வந்தவர். மருத்துவமனைக்குள் வருவதற்கு முன்பே, மிச்சிகனின் ஆன் ஆர்பர் நகரில் கடைத்தெருவுக்குச் செல்பவர்கள் விரைவுச் சாலை இருக்கும்போதே மரங்கள் அடர்ந்த மெதுவான சாலையை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்து, 1974இல் தம் முனைவர் பட்ட ஆய்வாக அளித்திருந்தார். அன்றாடம் கடந்துபோகும் காட்சிகூட மனிதர்களின் முடிவுகளை மாற்றுகிறது என்பதில் அவருக்கு இருந்த ஆர்வம், பின்னர் படுத்த படுக்கையாக இருப்பவர்களை நோக்கித் திரும்பியது. இளம் வயதில் சிறுநீரக நோயால் நெடுநாள் வீட்டில் படுத்திருந்த காலத்தில் ஜன்னல் வழியே தெரிந்த மரம் தமக்கு எவ்வளவு துணையாக இருந்தது என்பதை அவரே பின்னாளில் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். ஆராய்ச்சிக் கேள்விகள் பலவற்றின் வேர் இப்படி ஒருவரின் சொந்த உடம்பில் இருப்பது இயல்புதான். அந்தக் கேள்வியை எவ்வளவு கண்டிப்போடு சோதித்தார் என்பதையே நாம் பார்க்க வேண்டும்.

பித்தப்பையை அகற்றும் அறுவை சிகிச்சையை அவர் தேர்ந்தெடுத்தார். அது அக்காலத்தில் பரவலாகச் செய்யப்பட்ட சிகிச்சை. அதன் முறையும் சிகிச்சைக்குப் பின்னான பராமரிப்பும் ஏறத்தாழ ஒரே சீராக வகுக்கப்பட்டிருந்தன. ஆகவே நோயாளிகள் தேறிவரும் வேகத்தில் வேறுபாடு தென்பட்டால், அதற்குச் சிகிச்சை முறையைக் காரணமாகச் சொல்வது கடினம். 1972 முதல் 1981 வரையிலான பதிவேடுகளை எடுத்துக்கொண்டு, அவற்றிலும் மே 1 முதல் அக்டோபர் 20 வரை மருத்துவமனையில் இருந்தவர்களை மட்டுமே அவர் சேர்த்தார். மற்ற மாதங்களில் அந்த மரங்களில் இலைகள் இராது என்பதே காரணம். 20 வயதுக்குக் குறைந்தவர்கள், 69 வயதைக் கடந்தவர்கள், கடும் சிக்கல்களுக்கு உள்ளானவர்கள், உளநலச் சிகிச்சை பெற்ற வரலாறு உடையவர்கள் ஆகியோர் விலக்கப்பட்டனர்.

எஞ்சியவர்களை அவர் இணை இணையாகப் பிரித்தார். மரங்கள் தெரிந்த அறையில் இருந்த ஒருவருக்கு இணையாக, சுவர் தெரிந்த அறையில் இருந்த ஒருவரை, பாலினம், வயது, புகைப்பழக்கம், உடற்பருமன், முன்பு மருத்துவமனையில் சேர்ந்த அனுபவம், சிகிச்சை நடந்த ஆண்டு, அறை இருந்த தளம் ஆகிய அனைத்திலும் இயன்றவரை ஒத்திருக்குமாறு தேடிச் சேர்த்தார். சில அறைகளின் சுவர் நீலமாகவும் சில அறைகளின் சுவர் பச்சையாகவும் இருந்ததால் அந்த நிறத்தைக்கூட அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். இவ்வாறு கிடைத்தவை 23 இணைகள்: 15 பெண் இணைகளும் 8 ஆண் இணைகளும். அறைகள் அனைத்தும் இருவர் தங்கக்கூடியவை. அளவிலும், கட்டில் போடப்பட்ட விதத்திலும், மற்றச் சாமான்களிலும் அவை ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தன. ஒரு தளத்தின் அறைகளை ஒரே செவிலியர் குழுவே கவனித்துக்கொண்டது.

இந்த விவரங்களில் என்னை அதிகம் நிறுத்திவைப்பது ஜன்னலின் அளவுதான். கண்ணாடி 1.83 மீட்டர் உயரமும் 1.22 மீட்டர் அகலமும் கொண்டது என்றும், அதன் கீழ்விளிம்பு தரையிலிருந்து 74 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது என்றும், ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருப்பவருக்கு வெளிக்காட்சி மறைவின்றித் தெரிந்தது என்றும் உல்ரிக் எழுதுகிறார். ‘அறைக்கு ஜன்னல் உண்டா’ என்ற கேள்வியோடு அவர் நின்றுவிடவில்லை. படுத்திருப்பவருக்கு அதன் வழியே என்ன தெரிகிறது என்பதே அவருடைய கேள்வி. நின்றுகொண்டு பார்ப்பவருக்கு அழகான தோட்டத்தைக் காட்டும் ஜன்னல், படுத்திருப்பவருக்கு வெறும் வானத்தின் ஒரு துண்டையோ எதிர்க்கட்டடத்தின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியையோ மட்டும் காட்டக்கூடும். கட்டட வரைபடத்தில் இந்த இரண்டும் ஒரே ஜன்னல்தான்.

பதிவேடுகளிலிருந்து தகவல்களைத் திரட்டியவர் அந்த மருத்துவமனைத் தளத்தில் நீண்ட அனுபவம் உடைய ஒரு செவிலியர். எந்த நோயாளியின் ஜன்னலில் எந்தக் காட்சி தெரிந்தது என்பது திரட்டும்போது அவருக்குத் தெரியாது. தாம் எதிர்பார்ப்பதையே கண்டெடுக்கும் மனித இயல்புக்கு எதிரான மிக அவசியமான தடுப்பு இது.

என்ன கிடைத்தது

மரங்களைப் பார்த்திருந்தவர்கள் அறுவை சிகிச்சைக்குப் பின் சராசரியாக 7.96 நாள்களும், சுவரைப் பார்த்திருந்தவர்கள் 8.70 நாள்களும் மருத்துவமனையில் இருந்தனர். வேறுபாடு முக்கால் நாளுக்குச் சற்றுக் குறைவு. பெரும்பாலானோர் மேற்கோள் காட்டும் எண் இதுதான் என்றாலும், மூன்று முடிவுகளில் இதுவே குறைந்த ஆழம் உடையது என்று நான் நினைக்கிறேன். வீட்டுக்கு அனுப்பப்படும் நாளை நோயாளியின் உடல்நிலையோடு மருத்துவரின் வழக்கம், வார இறுதி, அழைத்துச் செல்ல வருபவரின் வசதி என்று பலவும் தீர்மானிக்கக்கூடும்.

இரண்டாவது முடிவு செவிலியர் குறிப்புகளிலிருந்து வந்தது. நோயாளி மனம் கலங்கி அழுகிறார், நிறைய ஊக்கம் தர வேண்டியிருக்கிறது என்பன போன்ற எதிர்மறைக் குறிப்புகள், சுவர் பார்த்த நோயாளி ஒருவருக்குச் சராசரியாக 3.96 எழுதப்பட்டிருந்தன, மரம் பார்த்த நோயாளி ஒருவருக்கு 1.13 மட்டுமே. இந்தக் குறிப்புகளை எழுதிய செவிலியர்கள் எந்த ஆய்வுக்காகவும் எழுதவில்லை. அடுத்த முறை பணிக்கு வருபவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, வேலைக்கு நடுவே, அவசரமாகக் கிறுக்கியவை அவை. ஒருவகையில் அதுவே அவற்றின் நம்பகத்தன்மை.

மூன்றாவது முடிவு வலி நிவாரணிகள் பற்றியது. ஆய்வின் உயிர் இதில்தான் இருக்கிறது. எந்த நாள்களில் வேறுபாடு தென்பட வேண்டும் என்பதற்கும் உல்ரிக் காரணம் வைத்திருந்தார். சிகிச்சை நடந்த நாளிலும் அதற்கு மறுநாளிலும் நோயாளி மயக்கத்திலோ கடும் வலியிலோ இருப்பார். வெளியே என்ன இருந்தாலும் அவர் கவனம் அங்கே செல்லாது. ஆறாம் ஏழாம் நாள்களில் மருந்துத் தேவையே பெரிதும் குறைந்துவிடும். ஆகவே இடைப்பட்ட இரண்டு முதல் ஐந்து வரையிலான நாள்களில்தான் ஜன்னலுக்கு வேலை இருக்க வேண்டும். பதிவேடுகளும் அப்படியே சொல்லின. அந்த நான்கு நாள்களில், சுவர் பார்த்தவர்கள் வலுவான போதைவகை வலி நிவாரணிகளைச் சராசரியாக 2.48 முறையும், நடுத்தர வலுவுள்ளவற்றை 3.65 முறையும், பாராசிட்டமால் போன்ற எளிய மருந்துகளை 2.57 முறையும் பெற்றிருந்தனர். மரம் பார்த்தவர்களுக்கு இவை முறையே 0.96, 1.74, 5.39. முதல் இரு நாள்களிலும் கடைசி இரு நாள்களிலும் இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

மரம் பார்த்தவர்களுக்கு வலியே இல்லாமல் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எளிய மருந்துகளை அவர்கள் மற்றவர்களைவிட இருமடங்குக்கும் அதிகமாகவே வாங்கிக்கொண்டனர். ஒரு பிரிவினருக்கு வலுவான மருந்து தேவைப்பட்ட நேரத்தில் இன்னொரு பிரிவினருக்கு எளிய மருந்தே போதுமானதாக இருந்தது. வலி தாங்கக்கூடிய அளவுக்கு இறங்கியிருந்தது. வலுவான வலி நிவாரணிகளால் வரும் மலச்சிக்கல், குமட்டல், மூச்சு மந்தம், பழக்கமாகிவிடும் ஆபத்து ஆகியவற்றை அறிந்தவர்களுக்கு இந்த மாற்றத்தின் அருமை புரியும். அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளியை எழுந்து நடமாட வைக்கப் போராடும் எந்தச் செவிலியரிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

ஆய்வின் வலுவின்மைகள்

46 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. நோயாளிகள் குலுக்கல் முறையில் அறைகளுக்கு அனுப்பப்படவில்லை. பழைய பதிவேடுகளைப் பின்னோக்கிப் படித்த ஆய்வு இது. தகவல் திரட்டியவருக்கு ஜன்னல் காட்சி தெரியாது என்றாலும், குறிப்புகளை எழுதிய செவிலியர்களுக்கு அது தெரியும். மரங்கள் தெரியும் அறைக்குள் நுழையும் செவிலியரின் மனநிலையே சற்று இலகுவாகி, அது நோயாளியிடம் அவர் பேசும் விதத்தையும், எழுதும் குறிப்பையும் மாற்றியிருக்கக்கூடும். இதை நான் குறையாக மட்டும் பார்க்கவில்லை. பணியாளரின் மனநிலை வழியாகவே நன்மை வந்திருந்தாலும் நோயாளிக்கு அது நன்மைதான். ஆனால் ‘மரம் மூளையில் என்ன செய்கிறது’ என்ற கேள்விக்கு அது வேறொரு விடையாகிவிடும்.

இன்னும் கனமான ஐயம் வெளிச்சம் பற்றியது. ஜன்னலுக்கு எதிரே நிற்கும் சுவர் காட்சியை மட்டுமா மறைக்கிறது? பகல் வெளிச்சத்தையும் அது குறைக்கும். அதே மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகரில், முதுகெலும்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 89 நோயாளிகளை வைத்து 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு இங்கே நினைவுகூரத்தக்கது. வெளிச்சமான பக்கத்தில் இருந்தவர்களுக்கு 46 விழுக்காடு அதிகமான சூரிய ஒளி கிடைத்தது. அவர்கள் ஒரு மணி நேரத்துக்கு எடுத்துக்கொண்ட வலி நிவாரணியின் அளவு 22 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆகவே உல்ரிக் கண்ட விளைவில் ஒரு பங்கு இலைகளுடையது, ஒரு பங்கு ஒளியுடையது என்று கொள்வதே நேர்மையானது. எது எவ்வளவு என்பதை அந்த 23 இணைகளிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை.

அதே வடிவில் இந்த ஆய்வை இன்று திரும்பச் செய்யவும் முடியாது. பித்தப்பையை லேப்ராஸ்கோப் மூலம் சிறு துளைகள் வழியே அகற்றும் முறை 1980களின் இறுதியில் தொடங்கி உலகெங்கும் பரவிவிட்டது. நோயாளிகள் பெரும்பாலும் ஓரிரு நாள்களில் வீடு திரும்பிவிடுகிறார்கள். உல்ரிக்குக் கிடைத்த அந்த இரண்டு முதல் ஐந்து வரையிலான நாள்கள் மருத்துவமனையில் இப்போது இல்லை. அதனால் அவரது கேள்வியைச் சோதிக்க விரும்பியவர்கள் வேறு வேறு சிகிச்சைகளையும் வேறு வேறு காட்சிகளையும் நாட வேண்டியிருந்தது.

படம் மாட்டினால் போதுமா

ஜன்னலுக்கு வெளியே மரம் இல்லாத இடத்தில் மரத்தின் படத்தை மாட்டலாமா என்பது அடுத்த இயல்பான கேள்வி. கலை இங்கேதான் உள்ளே வருகிறது. உல்ரிக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக மருத்துவமனையில், இதய அறுவை சிகிச்சை முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருந்த நோயாளிகளின் கண்ணுக்கு நேரே வெவ்வேறு படங்களை வைத்துப் பார்த்தனர். சிலருக்கு மரங்கள் சூழ்ந்த நீர்நிலையின் திறந்த காட்சி; சிலருக்கு நிழல் அடர்ந்த காட்டின் உட்புறம்; சிலருக்கு அரூப ஓவியம்; மற்றவர்களுக்கு வெற்றுப் பலகை, அல்லது எதுவுமே இல்லை. 1993இல் அறிவிக்கப்பட்ட முடிவுகளின்படி, நீர்நிலைக் காட்சியைப் பார்த்தவர்களிடம் பதற்றம் குறைந்திருந்தது. நேர்கோடுகளாலும் கட்டங்களாலும் ஆன அரூப ஓவியத்தைப் பார்த்தவர்களிடமோ, எந்தப் படமும் வைக்கப்படாதவர்களைவிடப் பதற்றம் அதிகமாக இருந்தது.

இந்த முடிவு எனக்கு மிக முக்கியமானதாகப் படுகிறது. வெற்றுச் சுவரைவிடத் தீங்கானது ஒன்று உண்டு. அது பொருந்தாத படம். கலைக்கூடத்தில் அதே அரூப ஓவியத்தின் முன் நின்று அரை மணி நேரம் மகிழ்ச்சியோடு செலவிடக்கூடிய ஒருவர், நெஞ்சைத் திறந்து மூடிய மறுநாள் அதைப் பார்க்கும்போது கோடுகளில் அச்சத்தைக் காணக்கூடும். ஓவியத்தின் தரம் இதில் குறையவில்லை. பார்ப்பவரின் நிலை மாறியிருக்கிறது. வலியிலும் மருந்து மயக்கத்திலும் இருக்கும் மனம் தெளிவற்ற உருவத்துக்குத் தன் அச்சத்தையே பொருளாகக் கொடுத்துவிடுகிறது என்பதே இதற்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம். கலைக்கூடத்தில் பிடிக்காத படத்தை விட்டு அடுத்த அறைக்குப் போய்விடலாம். குழாய்களும் கம்பிகளும் பொருத்தப்பட்டுப் படுத்திருப்பவர் எங்கே போவார்?

அழகுணர்ச்சியை மூளையில் தேடிய ஆய்வுகளும் இந்த இடத்தில் வெளிச்சம் தருகின்றன. லண்டனில் செமிர் செக்கியும் ஹிடேயாகி கவபாட்டாவும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்ற பத்துப் பேரும் முதலில் ஏறத்தாழ 300 ஓவியங்களைப் பார்த்து, எவை தமக்கு அழகானவை, எவை அழகற்றவை என்று தாங்களே வகைப்படுத்தினர். பிறகு மூளையின் செயல்பாட்டைக் காட்டும் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் படுத்தபடி அவற்றை மீண்டும் பார்த்தனர். தாம் அழகு என்று முடிவு செய்திருந்த ஓவியங்களைப் பார்த்தபோது, கண்குழிக்கு மேலே அமைந்திருப்பதும், விரும்பத்தக்கவற்றை மதிப்பிடுவதில் பங்குகொள்வதுமான முன்மூளைப் பகுதி கூடுதலாகச் செயல்பட்டது. அழகற்றவை என்று ஒதுக்கியவற்றைப் பார்த்தபோது உடல் அசைவை இயக்கும் பகுதி கூடுதலாகச் செயல்பட்டது. அழகு எது என்பதை ஆய்வாளர் தீர்மானிக்கவில்லை என்பதே இந்த ஆய்வின் சிறப்பு. ஒருவருக்கு அழகாக இருந்த ஓவியம் இன்னொருவருக்கு அழகற்றதாக இருக்கலாம்; மூளையின் மறுமொழி அவரவர் தீர்ப்பைத் தொடர்ந்தது. பிடிக்காததைக் காணும்போது உடல் விலகவோ தடுக்கவோ ஆயத்தமாகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாமானால், அசைய முடியாமல் படுத்திருப்பவருக்குப் பிடிக்காத காட்சி ஏன் இவ்வளவு பாரமாகிறது என்பது ஓரளவு விளங்குகிறது. இது என் ஊகம். அந்த ஆய்வு இதை நிறுவவில்லை.

இயற்கைக் காட்சிகளின் படங்கள் எதையும் செய்யும் என்றும் எண்ணிவிடக் கூடாது. பால்ட்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 80 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2003இல் வெளிவந்த ஆய்வொன்றில், மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் பிராங்காஸ்கோபி சோதனையின்போது, சிலருக்கு மட்டும் கட்டிலருகே பெரிய இயற்கைக் காட்சிப் படமும் இயற்கை ஒலிகளும் தரப்பட்டன. அவர்களுக்கு வலி நன்றாகக் கட்டுப்பட்டிருந்தது. ஆனால் பதற்றத்தில் இரு பிரிவினரிடையே வேறுபாடு இல்லை. வலி குறைந்தால் பதற்றமும் குறையும் என்று நாம் இயல்பாக எதிர்பார்ப்போம். இங்கே ஒன்று குறைய மற்றொன்று அப்படியே நின்றது. உப்சாலாவில் பதற்றம் அசைந்தது, பால்ட்டிமோரில் அசையவில்லை. தொண்டைக்குள் குழாய் இறங்கப்போகிறது என்று காத்திருப்பவரின் அச்சத்துக்குத் தெளிவான காரணம் கண்முன்னே இருக்கிறது. எந்தப் படமும் அந்தக் காரணத்தை அகற்றிவிடாது.

மூளைக்குள் என்ன நடக்கிறது

உல்ரிக்கின் விளக்கம் மன அழுத்தத்தைச் சார்ந்தது. 1991இல் அவரும் சக ஆய்வாளர்களும் 120 மாணவர்களுக்குத் தொழிற்சாலை விபத்துகளைக் காட்டும் படமொன்றை முதலில் காட்டினர். பிறகு இயற்கைச் சூழல்களையும் நகர்ச் சூழல்களையும் ஒளிப்பதிவாகக் காட்டி, தசை இறுக்கம், தோலின் மின்கடத்தல் போன்ற உடற்குறிகளை அளந்தனர். இயற்கைக் காட்சியைப் பார்த்தவர்களின் உடல் சில நிமிடங்களிலேயே விரைவாக அமைதி நிலைக்குத் திரும்பியது. ஸ்டீபன் கப்ளான், ரேச்சல் கப்ளான் இணையரின் விளக்கம் வேறு: வேலையிலும் கவலையிலும் வலிந்து செலுத்தப்படும் கவனம் களைத்துப்போகிறது, அசையும் இலையும் ஓடும் நீரும் முயற்சியின்றியே கவனத்தை ஈர்ப்பதால், களைத்த கவனத்துக்கு ஓய்வு கிடைக்கிறது. இரண்டும் ஒன்றை ஒன்று மறுப்பவை அல்ல. ஆனால் வலியைப் பொறுத்தவரை இரண்டுமே நேரடியான விடை தரவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பும் ஆய்வு 2025இல்தான் வந்தது. வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 49 பேரை எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து, சிறு மின்னதிர்ச்சிகளால் வலி உண்டாக்கி, அதே நேரத்தில் இயற்கை, நகரம், அறையின் உட்புறம் ஆகிய மூன்று காட்சிகளை மாற்றி மாற்றிக் காட்டினர். இயற்கைக் காட்சியின்போது வலி குறைவாக இருந்ததாகப் பங்கேற்றவர்கள் சொன்னார்கள். அவர்கள் ஆய்வாளரை மகிழ்விக்க அப்படிச் சொல்லியிருக்கலாமே என்ற ஐயத்துக்கு மூளைப் படங்கள் விடை தந்தன. உடலிலிருந்து வரும் வலிச் செய்தியை முதல்நிலையில் ஏற்றுக்கொண்டு கையாளும் மூளைச் செயல்பாடுகளே குறைந்திருந்தன. வலிக்கு உணர்ச்சிப் பொருளும் எண்ணப் பொருளும் தரும் மேல்நிலைச் செயல்பாடுகளில் அத்தகைய தெளிவான மாற்றம் காணப்படவில்லை. நம்பிக்கையால் மட்டும் வலி குறையும்போது மாற்றத்தை மேல்நிலைகளில்தான் முக்கியமாக எதிர்பார்ப்போம். இங்கே வந்து சேரும் செய்தியே மங்கியிருக்கிறது. பென்சில்வேனியாவின் மருந்துப் பதிவுகளில் தெரிந்த மாற்றத்துக்கு நாற்பது ஆண்டுகள் கழித்து உடலியல் அடிப்படை ஒன்று கிடைத்திருக்கிறது என்று நான் இதைப் படிக்கிறேன். நலமான மனிதர்களுக்கு ஆய்வுக்கூடத்தில் தரப்பட்ட சிறு வலியும், வயிற்றைத் திறந்து தைத்த வலியும் ஒன்றல்ல என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

படுத்திருப்பவரின் கண்

அளவீடுகள் வருவதற்கு முன்பே இதை உணர்ந்து எழுதியவர்களும் கட்டியவர்களும் இருந்தார்கள். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், 19ஆம் நூற்றாண்டின் நடுவில், காய்ச்சல்காரர் ஒருவர் குடிலுக்குள் படுத்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்க்க இயலாமல் மரப்பலகையின் கணுக்களையே பார்த்துக்கொண்டிருக்கும் துன்பத்தைப் பற்றி எழுதினார். அழகான பொருள்களின் விளைவு மனத்தோடு நின்றுவிடுவதில்லை, உடலையும் தொடுகிறது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

பின்லாந்தில் ஆல்வார் ஆல்ட்டோ காசநோயாளிகளுக்காக வடிவமைத்து 1933இல் திறக்கப்பட்ட பைமியோ மருத்துவமனை இன்னும் விரிவான சான்று. நிற்பவருக்காக அமைக்கப்படும் அறை வேறு, கிடப்பவருக்காக அமைக்கப்படும் அறை வேறு என்று அவர் கருதினார். மாதக்கணக்கில் மல்லாந்து படுத்திருப்பவருக்கு மேற்கூரைதான் முதன்மையான காட்சி என்பதால் அதற்கு அமைதியான அடர்பச்சை நிறம் பூசப்பட்டது. விளக்குகள் நோயாளியின் கண்ணில் நேராகப் படாதபடி வைக்கப்பட்டன. கை கழுவும் தொட்டிகள்கூட, விழும் நீர் சரிவாகப் பட்டு ஓசையின்றி வழியுமாறு வடிவமைக்கப்பட்டன; ஓர் அறையில் இருவர் தங்கினர், ஒருவர் கழுவும் ஓசை மற்றவரின் உறக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்ற அக்கறை அது. இங்கே ஓவியமோ சிலையோ எதுவும் சேர்க்கப்படவில்லை. அன்றாடப் பொருள்களின் வடிவத்திலேயே கலை முழுவதும் செலவிடப்பட்டிருக்கிறது. மருத்துவமனைகளில் கலை என்று பேசும்போது நுழைவுக்கூடத்தில் பெரும் பொருட்செலவில் நிறுவப்படும் சிற்பத்தையே பலரும் நினைக்கிறார்கள். நுழைவுக்கூடத்தை நோயாளி சக்கர நாற்காலியில் சில நொடிகளில் கடந்துவிடுகிறார். கூரையைத்தான் நாள் முழுவதும் பார்க்கிறார்.

தம் ஆய்வின் எல்லையை உல்ரிக்கே தெளிவாக வரைந்திருந்தார் என்பது பலரால் மறக்கப்பட்டுவிட்டது. அவர் ஒப்பிட்டது மரங்களையும் ஒரு வெற்றுச் சுவரையும் மட்டுமே; ஆகவே கட்டடங்கள் தெரியும் எல்லாக் காட்சிகளுக்கும் இந்த முடிவைப் பொருத்தக் கூடாது என்று எழுதினார். அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்குப் பதற்றம்தான் சிக்கல், அவருக்கு அமைதி தேவை. நெடுநாளாகப் படுத்திருப்பவருக்கோ சலிப்புதான் சிக்கல், அத்தகையவருக்கு மக்கள் நடமாட்டமுள்ள ஒரு தெருவின் காட்சி பல இயற்கைக் காட்சிகளைவிட நன்மை தரக்கூடும் என்றும் அவர் குறிப்பிட்டார். முதியோர் இல்லங்களை ஊருக்கு வெளியே தோப்புக்கு நடுவே கட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுபவர்கள் இந்த வரிகளை அவசியம் படிக்க வேண்டும். பேருந்து நிற்பதையும், பள்ளிப் பிள்ளைகள் போவதையும், காய்கறிக்காரரிடம் பேரம் நடப்பதையும் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒருவருக்குத் தென்னை மரங்களின் அமைதி தண்டனையாகவும் இருக்கலாம்.

நீண்ட நாள் தங்குபவர்களைப் பற்றிய சான்று நார்வேயிலிருந்து கிடைத்தது. இதய நோய்க்கும் நுரையீரல் நோய்க்கும் பிறகு ஒரு மறுவாழ்வு மையத்தில் சில வாரங்கள் தங்கித் தேறிய 278 பேரைப் பற்றிய ஆய்வு 2012இல் வெளிவந்தது. சிலரின் அறையிலிருந்து இயற்கைக் காட்சி விரிந்து தெரிந்தது. சிலருக்குக் கட்டடங்கள் அதை ஓரளவு மறைத்தன. சிலருக்கு முழுமையாக மறைத்தன. காட்சி மறைக்கப்பட்ட அறைகளில் இருந்த பெண்களிடம் உடல்நல முன்னேற்றமும், ஆண்களிடம் மனநல முன்னேற்றமும் பாதிக்கப்பட்டிருந்தன. ஒரே மறைப்பு பெண்களிடம் ஒரு வழியிலும் ஆண்களிடம் வேறு வழியிலும் வெளிப்படுவதற்கான காரணத்தை அந்த ஆய்வை மட்டும் கொண்டு சொல்லிவிட முடியாது. சராசரி எண் ஒன்றை வைத்து எல்லோருக்கும் ஒரே காட்சியை விதித்துவிட முடியாது என்பதை மட்டும் அது உறுதியாகக் காட்டுகிறது. அதே ஆய்வில் இன்னொரு விவரமும் உண்டு. அங்கிருந்தவர்கள் எழுந்து நடமாடக்கூடியவர்கள். தனிமை வேண்டுமென்றால் வேறிடம் தேடிப் போக அவர்களால் முடியும். விரிந்த காட்சி தெரிந்த அறைகளில் இருந்தவர்கள், தனியாக இருக்க விரும்பிய நேரங்களில், காட்சி மறைக்கப்பட்டவர்களைவிட அதிகமாகத் தங்கள் அறையிலேயே இருந்துகொண்டார்கள்.